சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி சந்தையில் பிறந்தது. ஆனாலும் கடனை வசூலிக்கக் கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்குத்தான் அதன் முழு அர்த்தமும் தெரியும். புதுச்சேரி நகரின் தென் ஓரத்தில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிக் கிடக்கிறது தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகம் இருக்கும் ஊர் என்பதால் ஐஸ், டீசல், வலை, கயிறு, இன்ஜின் பழுது, படகு வேலை என்று பல தொழில்கள் அதைச் சார்ந்து நடக்கும். இத்தகைய தொழில்களில் சரக்கு முன்னால் போகும், பணம் பின்னால் வரும். ஐஸ் கொடுத்த ஒருவருக்கு ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி எட்டு லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவர் வக்கீல் நோட்டீஸ் விடுகிறார். சரக்கு மோசம், கணக்கு தவறு என்று கம்பெனி பதில் எழுதுகிறது. யார் சொல்வது உண்மை என்று ஒருநாள் தீர்ப்பு வரும். அதுவரை ஆகும் செலவு யாருடையது? சட்டப் புத்தகங்கள் இந்தக் கேள்வியைக் கடைசிப் பக்கத்தில் வைக்கின்றன. ஆனால் யார் கடனைக் கேட்கத் துணிவார், யார் கொடுக்காமல் இழுத்தடிக்கத் துணிவார் என்பதைக் கடன் சட்டத்தைவிடச் செலவுச் சட்டமே தீர்மானித்து வந்திருக்கிறது. பிரெஞ்சு முறையும் ஆங்கிலேய முறையும் அடுத்தடுத்து நடந்த புதுச்சேரியின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி.

செலவே இல்லாத வசூல் முறை ஒன்று இந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய மார்க்கோ போலோ அதை வியந்து எழுதியிருக்கிறார். பலமுறை கேட்டும் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கும் கடன்காரனைச் சுற்றிக் கடன் கொடுத்தவன் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் போதும். பணத்தைக் கட்டும் வரை, அல்லது ஈடு சொல்லும் வரை, அவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை வரை போகும். அரசனே ஓர் அயல்நாட்டு வணிகனுக்குப் பாக்கி வைத்து, குதிரைமேல் இருந்தபடியே வட்டத்துக்குள் சிக்கி, பணத்தைக் கொடுத்த பிறகே நகர்ந்ததைக் கண்ணால் கண்டதாகவும் அவர் சொல்கிறார். வக்கீல் இல்லை, முத்திரைக் கட்டணம் இல்லை, வாய்தா இல்லை. ஆனால் அந்த வட்டத்தில் ஒரு குறை உண்டு. கடனே இல்லை என்று சொல்பவனுக்கு அதில் இடம் கிடையாது. பொய்யாக வட்டம் போட்டவன் என்ன நஷ்டஈடு கொடுத்தான் என்று போலோ எழுதவில்லை. கேட்பவருக்குச் செலவில்லாத முறையில், தவறாகக் கேட்கப்பட்டவருக்கு நியாயம் கிடைப்பது கடினம். பிற்காலச் சட்டங்கள் எல்லாம் இந்த முடிச்சோடுதான் மல்லுக்கட்டின.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகு முடிச்சு இன்னும் இறுகியது. தமிழர்களுக்குள் எழும் கடன், பாகப்பிரிவினை வழக்குகளைச் சாவடி என்ற நீதிமன்றம் விசாரித்தது. பிரெஞ்சு ஆவணங்களில் அது ‘சோத்ரி’ ஆனது. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய பிறகு மறுபடி எழுந்த புதுச்சேரியில், 1766 முதல் 1817 வரை சாவடி வழங்கிய தீர்ப்புகளைப் பிற்காலத்தில் ழான்-குளோத் பொன்னான் பதிப்பித்திருக்கிறார். ஆனால் வழக்கின் ஒரு பக்கத்தில் கம்பெனியே நின்றால் கதை வேறு. நிர்வாகம் நடத்திய உயர் ஆலோசனைச் சபையே மேல் நீதிமன்றமாகவும் உட்கார்ந்தது. எதிர்க்கட்சியும் நீதிபதியும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால், அடுத்த படி ஏறக் கடல் கடக்க வேண்டும். கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த நைனியப்பப் பிள்ளை 1716இல் கைதாகி, தண்டிக்கப்பட்டு, மறுவருடம் சிறையிலேயே இறந்தார். அது குற்ற வழக்கு, கடன் வழக்கல்ல. ஆனாலும் இங்கே சொல்லக் காரணம் உண்டு. தீர்ப்பு தவறு என்று நிலைநாட்ட அவருடைய குடும்பம் பாரிஸ் வரை முறையிட வேண்டியிருந்தது. மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே போனார். தண்டனை பின்னர் ரத்தானது. அந்தக் குடும்பத்திடம் கப்பலேற வசதி இருந்தது. கம்பெனிக்கு நெசவுத் துணி கொடுத்துவிட்டுப் பாக்கிக்குக் காத்திருக்கும் ஒரு சிறு வணிகனுக்கு அந்த வழி இருந்தும் இல்லாததுதான்.

1819 ஜனவரி 6ஆம் தேதி வெளியான ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்தியர்களின் சாதி வழக்கங்கள் நீடித்தன. வணிகத்திலும் வழக்கு நடைமுறையிலும் நெப்போலியன் காலச் சட்டம் வந்து உட்கார்ந்தது. 1806ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு ஒரே வரி. தோற்ற கட்சிக்காரர் வழக்குச் செலவைக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நீதிபதியின் மனம்போல் கொடுக்கும் சலுகையாக அது எழுதப்படவில்லை. தோல்வியோடு ஒட்டிக்கொண்டு வரும் விளைவாகவே எழுதப்பட்டது. அடுத்த பிரிவு, நெருங்கிய உறவினர்களுக்குள் நடக்கும் வழக்கிலும், இரு தரப்பும் ஆளுக்குக் கொஞ்சம் தோற்ற வழக்கிலும் செலவைப் பங்கிட இடம் கொடுத்தது. கடன் கேட்பும் இதே போக்கில்தான் நடந்தது. உண்டியல் என்ற மாற்றுச்சீட்டின் பணம் கெடு தாண்டினால் ‘உய்சியே’ என்ற நீதிமன்ற அலுவலர் அதை முறைப்படி பதிவு செய்து கடனாளிக்குத் தெரிவிப்பார். அந்தப் பதிவுச் செலவும் கடனோடு சேர்ந்துகொள்ளும். கேட்க வைத்ததற்குக் கூலியைக் கேட்க வைத்தவனே கொடுக்கட்டும் என்பதுதான் இதன் உள்ளர்த்தம்.

இந்த முறையிலும் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. சட்டம் ‘செலவு’ என்று சொன்னது கட்டணப் பட்டியலில் அடங்கிய தொகைகளைத்தான். முத்திரை, பதிவு, சாட்சிப் படி, அலுவலர் கூலி என்று அந்தப் பட்டியல் போகும். வாதாடும் வக்கீலுக்குக் கட்சிக்காரர் பேசிக் கொடுத்த ஊதியம் அதில் வராது. ஜெயித்தவரும் தன் வக்கீலுக்குத் தன் மடியிலிருந்துதான் அவிழ்க்க வேண்டும். பிரெஞ்சுப் புதுச்சேரியில் வக்கீல் தொழில் ஒரு தனி வர்க்கமாகவே வளர்ந்தது. 1873இல் ஐரோப்பியச் செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை அந்த வர்க்கத்தில் பெயர் பெற்றவர். செருப்புக்கான உரிமையை வாங்கவே பாரிஸ் வரை போக வேண்டியிருந்தது என்றால், அந்த நீதி அமைப்பில் தூரமும் ஒரு செலவாக இருந்தது தெளிவு. வக்கீல் ஊதியத்தையும் தோற்றவர் தலையில் ஏற்றலாம் என்று பிரான்ஸ் தன் சட்டத்தைத் திருத்தியது 1970களின் நடுவில்தான். அதற்குள் புதுச்சேரி அந்தச் சட்டத்தை விட்டு வெளியேறிவிட்டது.

வெளியேற்றம் படிப்படியாக நடந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு முழுமையாகி, அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கு நீண்டது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1968 செப்டம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, செலவு என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்று தொடங்குகிறது. தோற்றவரைச் செலவு கொடுக்க வைக்காவிட்டால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. ஏட்டளவில் இதுவும் பிரெஞ்சு விதிக்கு வெகு தூரத்தில் இல்லை. நடப்பில் ‘அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்க’ என்ற ஒற்றை வரி தீர்ப்புகளின் வாடிக்கையான முடிவாகிவிட்டது. செலவு தரச் சொன்ன இடங்களிலும் பழைய கட்டண விதிப்படி கணக்கிட்ட தொகை, உண்மைச் செலவின் ஓரத்தைக்கூடத் தொடாது.

அதே சட்டத்தில் செலவுத் தத்துவம் பளிச்சென்று தெரியும் ஒரு மூலை உண்டு. டிக்ரி பெற்றவர் கடனாளியைச் சிவில் சிறையில் அடைக்க விரும்பினால், கைதியின் சாப்பாட்டுப் படியை முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கைது இல்லை. கட்டிய படி பிறகு வழக்குச் செலவாகக் கருதப்பட்டுக் கடனாளி கணக்கில் ஏறும். முதலில் கேட்பவர் சுமக்கட்டும், கேட்டது நியாயமானால் கடைசியில் கொடுக்காதவர் சுமக்கட்டும் என்ற அளவான ஏற்பாடு இது. கேட்பவர் அவசரப்படாமல் இருக்க ஒரு கடிவாளம், கொடுக்காதவர் அலட்சியப்படுத்தாமல் இருக்க இன்னொன்று. ஆனால் கம்பெனி என்பது சட்டம் பெற்ற பிள்ளை. அதைச் சிறையில் போட முடியாது. அதனால் கம்பெனிக்கு வேறொரு மிரட்டல் தேவைப்பட்டது.

அந்த மிரட்டல் லண்டனில் எழுதப்பட்டது. 1862ஆம் ஆண்டின் ஆங்கிலக் கம்பெனிச் சட்டப்படி, 50 பவுனுக்கு மேல் பாக்கி உள்ளவர் எழுத்து மூலம் கேட்டு, மூன்று வாரத்தில் பணம் வராவிட்டால், அந்தக் கம்பெனி கடன் கட்ட வக்கற்றது என்று கருதப்படும். பிறகு கம்பெனியையே கலைக்கக் கோரி மனுப் போடலாம். இந்தியச் சட்டம் இதைப் பெயர்த்து எழுதியபோது 50 பவுன் 500 ரூபாய் ஆனது. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அதே 500 ரூபாய் 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நின்றது. விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை தேய்ந்து, கடைசியில் ஒரு சிற்றுண்டிச் செலவுக்கு ஒரு தொழிற்சாலையைக் கலைக்கக் கேட்கலாம் என்ற நிலை வந்தது. மனிதன் நொடித்தால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்கிறோம். அது கடனாளி தானே கொடுப்பது. இதுவோ கடன் கொடுத்தவர் கம்பெனியின் கையில் பலவந்தமாகத் திணிக்கும் கடுதாசி.

கடன் கொடுத்தவர்கள் இந்த வழியை விரும்பியதற்குப் பெரிய காரணம் செலவுதான். சாதாரணப் பண வழக்குக்குத் தொகையின் விகிதப்படி நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அது 7.5 சதவீதமாக இருந்து 2017இல்தான் 3 சதவீதமாக இறங்கியது. கலைப்பு மனுவுக்கு அப்படி விகிதக் கட்டணம் கிடையாது. நோட்டீஸுக்கோ தபால் செலவு மட்டுமே. அனுப்புவது மலிவு, எதிர்கொள்வது அப்படியல்ல. கலைப்பு மனு விளம்பரம் ஆனால் வங்கி கடன் தராது, சரக்குக்காரர் ரொக்கம் கேட்பார். அதனால் நியாயமான தகராறு உள்ள கம்பெனிகூட, பெயர் கெடுவதற்குப் பதிலாகப் பணத்தைக் கட்டிவிடலாம் என்று நினைக்கும். உச்ச நீதிமன்றம் 1965இல் அமால்கமேட்டட் கமர்ஷியல் டிரேடர்ஸ் வழக்கிலும், 1971இல் மது உல்லன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும் இதைக் கண்டித்தது. உண்மையான தகராறு உள்ள கடனை வசூலிக்கக் கலைப்பு மனு நியாயமான வழியல்ல என்று சொன்னது. கொள்கை சரி. ஆனால் தவறான வழியில் வந்தவரிடம், இழுக்கப்பட்டவரின் முழுச் செலவையும் வாங்கித் தரும் பழக்கம் அதோடு சேர்ந்து வளரவில்லை. மனு தள்ளுபடி ஆனால் போட்டவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை; பலித்தால் லாபம். அப்படிப்பட்ட சீட்டை யார்தான் விளையாடமாட்டார்?

நீதிபதிகளுக்கு மனம் வந்தாலும் விதி விடவில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். பொய்யாகவும் தொல்லை தரவும் வழக்காடுபவருக்காக 35ஏ என்ற பிரிவு இருந்தது. அதன் உச்சவரம்பு முதலில் 1,000 ரூபாய், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 3,000. டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உண்மைச் செலவைக் கணக்குப் போட்டு 45,28,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி அனுமதிக்காத தொகையை நீதிமன்றம் தர முடியாது என்பது காரணம். அதே தீர்ப்பில், 3,000 ரூபாய் என்ற வரம்பு காலத்துக்கு ஒவ்வாதது, விதிகளை மாற்றுங்கள் என்றும் நீதிபதிகள் கேட்டுக்கொண்டார்கள். 2012இல் சட்ட ஆணையம் தன் 240ஆவது அறிக்கையை முழுக்க முழுக்க வழக்குச் செலவுக்கே ஒதுக்கியது. சொந்தச் செலவு திரும்பி வராது என்றால் நியாயமுள்ளவர் ஒதுங்குவார். பிறர் செலவு தன் தலையில் விழாது என்றால் நியாயமில்லாதவர் துணிவார். நாற்பத்தைந்து லட்சத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் அந்தத் துணிச்சலின் அளவு.

2015இல் வணிக நீதிமன்றச் சட்டம் இந்தத் தூரத்தைக் குறைக்க முயன்றது. வணிக வழக்குகளுக்கு மட்டும் 35ஆம் பிரிவைப் புதிதாக எழுதி, தோற்றவர் செலவு தருவதே பொது விதி என்றும், வக்கீல் ஊதியமும் அதில் அடங்கும் என்றும் சொன்னது. நியாயமான சமரசத்தை மறுத்தாரா, வீண் எதிர்க்கோரிக்கை வைத்தாரா என்று கட்சிக்காரரின் நடத்தையைப் பார்க்கவும் சொன்னது. 3,000 ரூபாய் வரம்பும் அங்கே எடுபட்டது. 2018 திருத்தம் மூன்று லட்ச ரூபாய் வழக்குகள் வரை இதைக் கீழே இறக்கியது. அவசர நிவாரணம் கேட்காத வழக்கில் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயத்தையும் சேர்த்தது. பிரெஞ்சுக்காரர்களின் 130ஆம் பிரிவு, வக்கீல் ஊதியம் என்ற ஓட்டை அடைபட்டு, வேறு வாசல் வழியாக நம் ஊருக்குத் திரும்பி வந்ததுபோலத்தான் இது.

ஆனால் கம்பெனிக்கு விடும் நோட்டீஸ் அந்த வாசல் வழியாகப் போகவில்லை. 2016ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம் அதைத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. புதுச்சேரிக்காரர்களுக்கு அது சென்னை அமர்வு. சரக்கோ சேவையோ கொடுத்தவர் கேட்பு நோட்டீஸ் விட வேண்டும். கம்பெனி பத்து நாளுக்குள் பணம் கட்டலாம், அல்லது தகராறு இருப்பதைக் காட்டலாம். 2017இல் மோபிலாக்ஸ் வழக்கில், நோட்டீஸுக்கு முன்பே உண்மையான தகராறு இருந்திருந்தால் மனு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தகராறில் யார் ஜெயிப்பார் என்று தீர்ப்பாயம் ஆராய வேண்டியதில்லை. சரக்குக்காரரின் மனுக் கட்டணம் 2,000 ரூபாய்தான். மனு ஏற்கப்பட்டால் இடைக்கால நிர்வாகியின் செலவை மனுதாரர் முதலில் தாங்கி, கடன் கொடுத்தவர்களின் குழு ஒப்புக்கொண்ட அளவுக்குத் திரும்பப் பெற வேண்டும். சிறைப் படியின் சாயல் இதில் தெரிகிறது. கெட்ட எண்ணத்தோடு மனுப் போட்டவருக்கு ஒரு லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. இங்கேதான் கணக்கு இடிக்கிறது. அபராதம் அரசுக்குப் போகும் தண்டனை. தேவையில்லாமல் வக்கீல் வைத்துப் பதில் சொன்ன கம்பெனியின் பையை அது நிரப்பாது. கெட்ட எண்ணத்தை நிரூபிப்பதும் எளிதல்ல. அசட்டையாக, அரைகுறைக் கணக்கோடு நோட்டீஸ் விட்டவர் அதில் சிக்கமாட்டார்.

மலிவான நோட்டீஸ் பெருகியபோது அரசு செலவு விதியைத் தொடாமல் வாசலையே உயர்த்தியது. 2020 மார்ச் 24 அன்று குறைந்தபட்சப் பாக்கி ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியானது. கொரோனாக் காலத்தில் சிறு நிறுவனங்களைக் காப்பது சொல்லப்பட்ட நோக்கம். சிறு நிறுவனம் கடனாளியாக இருந்தால் அது காப்புதான். அதுவே கடன் கொடுத்தவராக இருந்தால், வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். எட்டு லட்சம் பாக்கியுள்ள நம் தேங்காய்த்திட்டு ஐஸ்காரர் 2020 பிப்ரவரியில் நோட்டீஸ் விட்டிருக்கலாம், ஏப்ரலில் முடியாது. அவருக்கு மிஞ்சுவது வணிக நீதிமன்றம், அல்லது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். இந்தச் சட்டத்தில் முறைப்படி பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. தீர்ப்பை எதிர்க்க வாங்கியவர் முக்கால் பங்கு தொகையை முன்னால் கட்ட வேண்டும். செலவு என்ற பெயர் இல்லாவிட்டாலும், இழுத்தடிப்பின் விலையை இழுத்தடிப்பவரே கொடுக்கட்டும் என்ற பழைய நியாயம்தான் இதிலும் வேலை செய்கிறது.

கம்பெனிக்கு விடும் நோட்டீஸிலும் தோற்றவரே செலவைக் கொடுக்கட்டும் என்றால் ஆட்சேபங்கள் எழும். தோற்றவர் முழுச் செலவையும் கொடுக்க வேண்டும் என்றால் ஏழை வழக்காடவே பயப்படுவாரே என்பது முதல் ஆட்சேபம். இது கனமான ஆட்சேபம். நில வழக்கிலும் குடும்ப வழக்கிலும் இந்த விதியைக் கண்மூடிப் போடக் கூடாது. ஆனால் இங்கே பேசுவது கம்பெனிகளுக்குள் நடக்கும் பண விவகாரம். மேலும் இன்றைய முறையில் ஏழைக்கு என்ன லாபம்? எட்டு லட்சத்தைக் கேட்க இரண்டு லட்சம் செலவாகி, ஜெயித்த பிறகும் அது திரும்பாவிட்டால், அவர் வழக்கே போடமாட்டார். பயம் ஏற்கனவே இருக்கிறது, அதுவும் நியாயம் உள்ளவர் பக்கத்தில் இருக்கிறது. தொகைக்கேற்ப உச்சவரம்பு வைத்து, ஆளுக்குக் கொஞ்சம் தோற்றால் பங்கிட்டு, பயத்தைப் பக்கம் மாற்றலாம். இரண்டாவது ஆட்சேபம், தோற்றவர் எல்லோரும் பொய்யர் அல்ல என்பது. உண்மைதான். செலவு கொடுக்க வைப்பது பழி சுமத்துவதும் அல்ல. சரியென்று தெரிந்த பக்கம் நஷ்டப்படக் கூடாது என்பதே அதன் நோக்கம். பொய்க்கான தண்டனை வேறு, செலவுக்கான ஈடு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் நம் நீதிமன்றங்கள் ஈடு கொடுக்கக்கூடக் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தன. நீதிபதியின் விருப்புரிமை போதாதா என்பது மூன்றாவது. நூறாண்டுக்கு மேலாக அது இருந்தும் கிடைத்த பலன் ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்ற ஒற்றை வரிதான்.

மார்க்கோ போலோ கண்ட வட்டம் கேட்பவர் பக்கமே முழுக்கச் சாய்ந்திருந்தது. பிரெஞ்சுச் சட்டம் தோற்றவரைக் கொடுக்க வைத்தது, ஆனால் வக்கீல் கூலியை விட்டுவிட்டது. ஆங்கிலேய வழிச் சட்டம் எல்லாவற்றையும் நீதிபதியிடம் ஒப்படைத்துவிட்டு வரம்பை மூவாயிரத்தில் நிறுத்தியது. நொடிப்புச் சட்டம் மலிவைத் தடுக்க முதலில் அபராதத்தையும் பிறகு ஒரு கோடிச் சுவரையும் எழுப்பியது. சுவருக்குப் பதிலாகச் செலவு விதியை வைத்திருந்தால் சிறியவர்கள் வெளியே நின்றிருக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் நாளிலிருந்தே செலவுக் கணக்கு ஓட வேண்டும். உள்ள கடனை இல்லை என்றவர் கேட்டவரின் செலவையும், இல்லாத கடனை உண்டு என்றவர் பதில் சொன்னவரின் செலவையும் கொடுக்க வேண்டும். வணிக நீதிமன்றத்துக்கு 2015இல் எழுதிய விதியைத் தீர்ப்பாயத்துக்கும் நீட்டினால் இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், ஒரு திருத்தம் போதும். அது வரும்வரை தேங்காய்த்திட்டு வியாபாரி ஒரு காரியம் செய்யலாம். பாக்கி தவறினால் வசூல் செலவு யாருடையது என்பதைச் சரக்கு ஏற்றும் முன்பே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். சுமைகூலியைச் சந்தைக்குப் போகும் முன்பே பேசிவிடுவது நம் வழக்கம்தானே.